பிரேக் பெடலை மிதிச்சுப் பிடிச்சா மெல்ல இறங்கி கீழ விரிச்ச மேட்டைத் தொடுது, டப்பால பிரேக் ஆயில் குறையல: எங்கேர்ந்து பார்க்கறது?

மேட்டுப்பாளையம்_ரோடு:

வணக்கம் நண்பர்களே. வண்டி 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், ஏபிஎஸ் கிடையாது.

சிக்னல்ல ஐடிலிங்ல நிக்கும்போது பெடல் மேல காலை லேசா வெச்சிருந்தா, பெடல் மெதுவா இறங்கிட்டே போய் கடைசில மேட்டைத் தொட்டுடுது. காலை எடுத்துட்டு மறுபடி மிதிச்சா பழைய உயரத்துலயே பிடிக்குது. ஓடும்போது அழுத்தி மிதிச்சா வண்டி நல்லாவே நிக்குது, ஒரு பக்கமா இழுக்கறதும் இல்ல. டப்பால ஆயில் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ, அங்கேயேதான் நிக்குது. டேஷ்போர்டுல பிரேக் லைட்டும் எரியல.

பிரேக் ஆயில் மாத்தின பிறகுதான் இது ஆரம்பிச்சது. மாத்தின பட்டறையில பைப்ல ஏர் (காத்து) இருக்குன்னு சொல்லி மறுபடி ஏர் எடுத்தாங்க, ஒரு மாற்றமும் இல்ல. இன்னொரு மெக்கானிக் பூஸ்டர் (மிதிக்கற பலத்தை எஞ்சின் வேக்கத்தால கூட்டற பாகம்) போயிருச்சுங்கறார். எதையும் வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுலயே எப்படி உறுதி பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஜாக், ஸ்டாண்டு, ஸ்பேனர் செட் இருக்கு.

ஸ்பேனர்_பன்னிரண்டு:

காரணம் தெரியற வரைக்கும் வண்டியை ரோட்டுல எடுக்காதீங்க. இப்ப அழுத்தி மிதிச்சா பிடிக்குது, சரி. இந்தப் பழுது முத்தும்போது முன்னறிவிப்பு தராது.

"பெடல் உள்ள போகுது"ன்னு ஒரே வார்த்தையில சொல்ற புகார் உண்மையில மூணு வேற வேற பழுது. முதல் மிதியிலயே பாதிக்குக் கீழ போய் அங்க கெட்டியா நின்னா, அது பின் டிரம் ஷூ இடைவெளி. மெத்துமெத்துன்னு அமுங்கி, ரெண்டு மூணு தடவை மிதிச்சா மேல ஏறி வந்தா ஏர். நல்ல உயரத்துல பிடிச்சுட்டு, காலை அப்படியே வெச்சிருக்கும்போது நிக்காம இறங்கிட்டே போனா, அழுத்தத்துல இருக்கற ஆயில் எங்கேயோ வழி கண்டுபிடிச்சிருக்குன்னு அர்த்தம். உங்களுது மூணாவது.

ஏர் இருந்தா இப்படித் தொடர்ந்து இறங்காது. காத்து ஒரு அளவுக்கு நசுங்கி நின்னுடும், பெடலும் அங்கயே நிக்கும். அதனால இன்னும் பத்து தடவை ஏர் எடுத்தாலும் இது சரியாகாது. பூஸ்டரும் இல்ல. பூஸ்டர் போனா பெடல் கல்லு மாதிரி இறுகும், இறங்காது. பூஸ்டர் வேலை பண்றது மாஸ்டர் சிலிண்டருக்கு (மிதிக்கற பலத்தை ஆயில் அழுத்தமா மாத்தற சிலிண்டர்) முன்னாடி, ஆயில் பக்கமே அது வராது. அந்த மெக்கானிக் ஏமாந்திருக்கலாம், ஏன்னா எஞ்சினை ஆஃப் பண்ணி அஞ்சாறு தடவை மிதிச்சு, பெடலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணினா பெடல் ஒரு சென்டிமீட்டர் போல இறங்கும். அது பூஸ்டர் ஆரோக்கியமா இருக்கறதுக்கு அடையாளம். இறங்கி நின்னுடணும், அவ்வளவுதான்.

இப்ப நீங்க பார்க்க வேண்டியது:

எஞ்சின் ஆஃப். பூஸ்டர்ல தங்கின வேக்கம் தீரும் வரை பெடலை மிதிங்க, அஞ்சாறு மிதியில இறுகிடும். அதுக்கப்புறம் கால் கட்டைவிரல் பலத்துல லேசா அமுக்கி ஒரு நிமிஷம் பிடிங்க. இறங்குதா பாருங்க. அடுத்து அதே மாதிரி, ஆனா அவசரத்துல மிதிக்கற பலத்தோட ஒரு நிமிஷம். லேசா பிடிச்சா இறங்கி, பலமா பிடிச்சா நின்னா மாஸ்டர் சிலிண்டர் கப் (பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரப்பர் சீல்) தேஞ்சிருக்கறதுக்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. கப்போட உதடு ஆயில் அழுத்தத்தாலதான் விரிஞ்சு சுவர்ல ஒட்டுது. பலமா மிதிக்கும்போது தேஞ்ச உதடும் விரிஞ்சு அடைச்சுக்கும், லேசா மிதிக்கும்போது விரியாது, ஆயில் பின்னாடி நழுவிடும். ரெண்டுலயும் ஒரே மாதிரி இறங்கினா வெளி ஒழுகல் மேல சந்தேகத்தைத் திருப்புங்க.

ஒழுகல் பார்க்கறதுல ஆளுங்க விடற இடம் ரெண்டு. ஒண்ணு, பின் டிரம்முக்குள்ள. டிரம்மைக் கழட்டி வீல் சிலிண்டரோட ரப்பர் பூட்டை (தூசி உறையை) ஸ்க்ரூ டிரைவரால லேசா ஒதுக்கிப் பாருங்க. ஈரப்பதம்னா பரவாயில்ல, சொட்டு வந்தா சிலிண்டர் போயிருச்சு. ரெண்டாவது, மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேர்ற இடம். பின் சீல் போனா ஆயில் தரையில சொட்டாம பூஸ்டர் வயித்துக்குள்ள இறங்கிடும். அங்க பூஸ்டர் பெயிண்ட் கொப்பளிச்சிருந்தா சந்தேகமே வேண்டாம். மாஸ்டரோட ரெண்டு நட்டையும் தளர்த்தி, பைப்பைக் கழட்டாம ஒரு சென்டிமீட்டர் முன்னாடி இழுத்து, இடுக்குல டிஷ்யூ பேப்பரை விட்டுத் துடைங்க. இழுக்கறதுக்கு முன்னாடி வேக்கம் தீர்ந்திருக்கணும். ஆனா இப்படி ஒழுகினா டப்பா லெவல் குறைஞ்சே தீரும். உங்களுக்குக் குறையலங்கறதால இதுக்கு வாய்ப்பு கம்மி.

டிரம்_ஷூ:

மாஸ்டர் வரைக்கும் போறதுக்கு முன்னாடி பின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் பாருங்க சார். பாதிக் கேஸ் அதுதான். ஹேண்ட் பிரேக்கை ரெண்டு பல் இழுத்து வெச்சுட்டு பெடலை மிதிங்க. பெடல் சட்டுன்னு உசந்தா, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி அதிகம், செல்ஃப் அட்ஜஸ்டர் துரு பிடிச்சு நின்னிருக்கும். டிரம்மைக் கழட்டும்போது லைனிங் பார்த்துருங்க, 1 மி.மீ. கிட்ட வந்திருந்தா மாத்திடுங்க. டிரம் உள்ள எழுதியிருக்கற அதிகபட்ச விட்டத்தைத் தாண்டியிருந்தா புது ஷூ போட்டும் பிரயோஜனம் இல்ல.

ஸ்பேனர்_பன்னிரண்டு:

டெஸ்ட் சரி, ஆனா இந்தக் கேஸுக்கு அது பதில் இல்ல. ஷூ இடைவெளி பெடலைத் தாழ்த்தும், பிடிச்ச பெடலை இறக்காது. செஞ்சு பார்க்கறதுல தப்பில்ல, ரெண்டு பழுதும் ஒண்ணா இருக்கற வண்டி நிறைய வரும்.

மேட்டுப்பாளையம்_ரோடு:

எல்லாம் பார்த்தாச்சு. நாலு வீல் உள் பக்கமும் காய்ஞ்சு இருக்கு. வீல் சிலிண்டர் பூட் உள்ள ஈரம் இல்ல. பூஸ்டர் இடுக்குல விட்ட டிஷ்யூ சுத்தமா வந்தது. ஹேண்ட் பிரேக் இழுத்து வெச்சா பெடல் உயரத்துல வித்தியாசம் தெரியல. எஞ்சின் ஆஃப்ல லேசா பிடிச்சா இறங்குது, பலமா பிடிச்சா நிக்குது!

அப்ப மாஸ்டர்தானா? ஆயில் மாத்தற வரைக்கும் நல்லா இருந்த மாஸ்டர் அதுக்கப்புறம் எப்படிப் போகும்? புது ஆயில்தான ஊத்தினாங்க. ரப்பர் கிட் மட்டும் போட்டா போதுமா?

நிப்பிள்_10:

ஆயில் மாற்றியதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். குற்றம் ஆயில் மீது இல்லை, ஏர் எடுத்த முறை மீது.

அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் தன் முழு நீளத்துக்கும் போவதே இல்லை. முதல் பாதி தூரத்திலேயே பிரேக் பிடித்துவிடும். கப் தினமும் உரசும் அந்தப் பகுதி பளபளவென்று இருக்கும். அதற்கு முன்னால், பிஸ்டன் எட்டாத பகுதியில் வருடக்கணக்கில் ஈரமும் கசடும் தங்கிச் சுவர் பொரிந்து போயிருக்கும். ஏர் எடுக்கும்போது வீலில் இருக்கும் நிப்பிளை, அதாவது காற்று வெளியேறும் திருகை, திறந்ததும் எதிர்ப்பு இல்லாமல் பெடல் தரை வரை போகிறது. கப்பின் மெல்லிய உதடு அந்தச் சொரசொரப்பான இடத்தில் ஏறி இறங்குகிறது. சில முறை போய் வந்தாலே உதடு கிழிந்துவிடும். பழைய வண்டிக்கு ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் சுமார் 5 செ.மீ. கனமுள்ள மரக்கட்டையை வைத்து, பெடல் தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அவசரப் பட்டறைகளில் யாரும் வைப்பதில்லை.

இன்னொரு சோதனை செய்து பாருங்கள். ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தபடி, இன்னொருவரை பெடலை மெதுவாக அமுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். முகத்தை நேர் மேலே வைக்க வேண்டாம், பெயிண்ட் மீது துணி போட்டுக்கொள்ளுங்கள். அமுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் டப்பாவின் அடியிலிருந்து சின்னத் துள்ளல் வரும். டப்பாவுக்குத் திறக்கும் ஈடுசெய்யும் துளையைக் கப் கடக்கும் வரை கொஞ்சம் ஆயில் திரும்பி வருவதுதான் அது, இயல்பானது. அதன் பிறகு பெடலைப் பிடித்திருக்கும் வரை ஆயில் அசையாமல் இருக்க வேண்டும். பெடல் இறங்க இறங்க அடியில் மெல்லிய சுழல் தொடர்ந்து தெரிந்தால் கப்பைத் தாண்டி ஆயில் டப்பாவுக்கே திரும்புகிறது. லெவல் குறையாததன் ரகசியம் அதுதான்.

டப்பாவுக்குள் தடுப்பு வைத்து இரண்டு அறையாகப் பிரித்திருப்பார்கள். பெடலைப் பிடித்திருக்கும்போது முன் அறையில் மட்டும் ஆயில் ஏறி, பின் அறையில் இறங்குவதாகத் தெரிந்தால், இரண்டாவது பிஸ்டனின் பின் பக்க சீல் ஒரு சர்க்யூட்டின் ஆயிலை இன்னொன்றின் பக்கம் கடத்துகிறது. எப்படியானாலும் சிலிண்டரைத்தான் மாற்றியாக வேண்டும்.

கிட் போதுமா என்று கேட்டீர்கள். போதாது. உங்கள் வண்டியில் இருப்பது அலுமினிய சிலிண்டர். சுவரில் இருக்கும் கடினப் பூச்சு மிக மெல்லியது. பொரிந்த சுவரில் புதுக் கப் போட்டால் அதுவும் அதே இடத்தில் கிழியும். ஹோனிங் செய்தால், அதாவது சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கினால், பூச்சே போய்விடும். பழைய வண்டிகளின் வார்ப்பிரும்பு சிலிண்டருக்கு ஹோனிங் செய்து கிட் போடும் வழக்கம் உண்டு, அதை அலுமினியத்துக்குக் கொண்டுவரக் கூடாது. முழு அசெம்பிளியாக வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் டப்பா மூடியின் உள்ளே இருக்கும் ரப்பரையும் கவனியுங்கள். அது ஊதிப் பெருத்து, நெளிந்து, மூடிக்குள் திரும்ப உட்கார மறுத்தால் யாரோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் டப்பாவிலிருந்து சில சொட்டு விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கலந்து கரைந்துவிடும், தாது எண்ணெய் இருந்தால் மேலே மிதக்கும். மிதந்தால் மாஸ்டர் மட்டும் மாற்றிப் பயனில்லை. கேலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) சீல், வீல் சிலிண்டர், ஹோஸ் என்று ரப்பர் உள்ள எல்லாமே போக வேண்டும், ஸ்டீல் பைப்பைக் கழுவ வேண்டும்.

கியர்_ராடு:

மாஸ்டர் வாங்கறதுக்கு முன்னாடி ஹோஸ் கிளாம்ப் போட்டுப் பார்க்கலாமே? நாலு வீல் ரப்பர் ஹோஸையும் கிளாம்ப் பண்ணி மிதிச்சா, இறங்கினா மாஸ்டர், நின்னா வீல் பக்கம். அஞ்சு நிமிஷ வேலை.

நிப்பிள்_10:

12 வருடத்துக்கு மேல் ஓடிய ஹோஸில் நான் கிளாம்ப் போட மாட்டேன். உள் அடுக்கு விரிசல் விட்டு, அந்தத் தோல் வால்வு மாதிரி ஆயிலை ஒரு பக்கம் மட்டும் விடும். பிறகு வீல் பிரேக் பிடித்தபடியே நிற்கும், அதைக் கண்டுபிடிக்க இன்னொரு வாரம் ஆகும். ஹோஸ் புதிதாக இருந்து, வழுவழுப்பான உருண்டை முனைக் கிளாம்ப் இருந்தால் போடலாம். பிளையரை வைத்து நசுக்குவது கூடவே கூடாது.

அதைவிட நேரான வழி, மாஸ்டரிலேயே அடைப்பது. வெளியே வரும் பைப்புகளைக் கழட்டிவிட்டு அந்தத் துளைகளில் அடைப்பு போல்ட் போடுங்கள். பெரும்பாலும் எம்10, 1.0 பிட்ச் மரை. சாதாரண போல்ட்டைத் திருகினால் உள்ளே இருக்கும் கூம்பு இருக்கை நசுங்கிவிடும், பைப் ஃபிளேர் முனையின் வடிவம் உள்ள அடைப்பே வேண்டும். பழைய பைப்பின் முனையை நட்டோடு வெட்டி, மறு பக்கத்தை மடித்துப் பற்றவைத்தாலும் வேலை ஆகும். துளை இரண்டோ நாலோ, எல்லாவற்றையும் அடைத்துவிட்டு பெடலை மிதியுங்கள். மாஸ்டர் நல்லதாக இருந்தால் பெடல் உயரத்திலேயே இறுகி நிற்கும், ஒரு நிமிடம் பிடித்தாலும் அசையாது. கழட்டும்போது புகுந்த காற்றினால் முதல் மிதி கொஞ்சம் மெத்தென்று இருக்கலாம், ஆனால் இறங்கிக்கொண்டே போகாது. இறங்கினால் வழக்கு முடிந்தது. இறுகினால் ஒவ்வொரு பைப்பாகத் திரும்ப மாட்டி மிதியுங்கள், எந்தப் பைப்பை மாட்டியதும் இறங்குகிறதோ பழுது அந்தப் பக்கம்.

ரெண்டாம்_கை_கார்:

என் வண்டியில ஏபிஎஸ் இருக்கு. மாஸ்டர் புதுசு போட்டும் பெடல் இறங்குது. இதே அடைப்பு டெஸ்ட்தானா?

ஸ்பேனர்_பன்னிரண்டு:

அதே டெஸ்ட்தான், ஏபிஎஸ் வண்டிக்கு இன்னும் அவசியம். மாஸ்டரை அடைச்சா இறுகி, ஏபிஎஸ் யூனிட்டை மாட்டினதும் இறங்கினா ரெண்டு வாய்ப்பு. யூனிட்டுக்குள்ள வீலுக்குப் போற உள் வால்வு சாதாரணமா திறந்திருக்கும், அழுத்தத்தை வெளியேத்தற வால்வு மூடியிருக்கும். இந்த ரெண்டாவது வால்வு இருக்கையில துகள் சிக்கினா, வீலுக்குப் போற ஆயில் சின்ன அக்யூமுலேட்டருக்குள்ள நழுவும். அது ரொம்பற வரைக்கும் பெடல் இறங்கும். இன்னொண்ணு யூனிட்டுக்குள்ள தங்கின ஏர். அது மெத்துன்னு இருக்கும், இறங்கிட்டே போகாது. ஸ்கேனர்ல ஏபிஎஸ் ஏர் எடுக்கற வசதி இருக்கற பட்டறைக்குக் கொண்டுபோய் பம்ப்பையும் வால்வையும் ஓடவிட்டு ஏர் எடுங்க. பல தடவை அந்தத் துகளும் அதுலயே வெளிய வந்துடும். வரலைன்னா யூனிட்தான். அதுக்கு முன்னாடி புது மாஸ்டரை மாட்டும்போது பெஞ்ச்ல ஏர் எடுத்தாங்களான்னு கேட்டுருங்க. எடுக்காம மாட்டின புது மாஸ்டர் பெடல் எத்தனை மிதிச்சாலும் உசராது.

மலை_இறக்கம்:

கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுல இறங்கும்போது கடைசி வளைவுகள்ல பெடல் சட்டுன்னு அடி வரைக்கும் போகுது. நிறுத்தி அரை மணி நேரம் ஆற வெச்சா பழையபடி வருது. இதுவும் கப்பா?

ஸ்பேனர்_பன்னிரண்டு:

இல்ல, ஆயில் கொதிச்சிருக்கு. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 3 வகை ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்ததும் 140. டாட் 4 புதுசுல 230, ஈரத்துல 155. கேலிப்பர்ல அந்தச் சூட்டைத் தாண்டினா ஆயில் ஆவியாகி, ஆவி நசுங்கி, பெடல் கீழ போயிடும். ஆறினதும் ஆவி மறுபடி திரவமாகிடறதால எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. ஆயிலை முழுசா மாத்துங்க, இனி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. எந்த வீலாவது பிடிச்சுக்கிட்டே ஓடுதான்னும் பாருங்க. இறக்கத்துல ரெண்டாம் கியர், தேவைன்னா முதல் கியர். பெடல்ல கால் வெச்சுக்கிட்டே இறங்காதீங்க. அழுத்தி வேகத்தைக் குறைச்சுட்டு காலை எடுத்துருங்க.

டாட் 5ங்கறது சிலிக்கான், மத்ததோட கலக்கக் கூடாது. டாட் 5.1 வேற, அது டாட் 3, 4 வகையறா. கடைக்காரர் ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா டப்பா லேபிளைப் படிச்சுட்டு வாங்குங்க.

மேட்டுப்பாளையம்_ரோடு:

அடைப்பு போட்டுப் பார்த்தாச்சு. நாலு துளையும் அடைச்ச பிறகும் இறங்குது. டார்ச் அடிச்சா சுழலும் தெரியுது. தண்ணில சொட்டு விட்டதுல எண்ணெய் மிதக்கல, மூடி ரப்பரும் ஊதல. மாஸ்டர் வாங்கப் போறேன். மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன?

நிப்பிள்_10:

பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் உள்விட்டம் மாறும். சிலிண்டர் உடம்பில் பொறித்திருப்பார்கள், 20.64 அல்லது 22.22 போல. பெரிய விட்டம் மாட்டினால் பெடல் குறைந்த தூரத்திலேயே இறுகும், ஆனால் அதே பிரேக்குக்கு அதிக பலம் கொடுக்க வேண்டும். சின்னது மாட்டினால் பெடல் நீளமாகப் போகும், நீங்கள் மறுபடி இங்கே வந்து பெடல் இறங்குகிறது என்று எழுதுவீர்கள்.

மூடி பிரிக்காத டாட் 4 அல்லது டப்பா மூடியில் எழுதியிருப்பது எதுவோ அது, ஒரு லிட்டர். அரை லிட்டர் மாட்டுவதற்கே போய்விடும்.

சிரிஞ்சால் டப்பா ஆயிலை உறிஞ்சி எடுங்கள். கீழே துணி பரப்புங்கள். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். சொட்டினால் துடைத்தால் மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பைப் நட்டுக்கு 10 நம்பர் ஃபிளேர் நட் ஸ்பேனரே போடுங்கள். திறந்த வாய் ஸ்பேனர் மூலையை மழுக்கிவிடும், பிறகு பைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். லெவல் சென்சார் கப்ளரைக் கழட்டி, பூஸ்டர் பக்க நட்டு இரண்டையும் எடுத்தால் சிலிண்டர் வந்துவிடும். மாஸ்டருக்கும் பூஸ்டருக்கும் நடுவில் இருக்கும் ஓ ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். பழையதே போட்டால் வேக்கம் கசிந்து, மிதிக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வரும், ஐடிலிங் ஆடும்.

மாட்டுவதற்கு முன் பெஞ்சில் ஏர் எடுங்கள். வைஸில் சிலிண்டரின் உடம்பைப் பிடிக்காமல் பூஸ்டரோடு சேரும் விளிம்பான ஃபிளாஞ்சைப் பிடித்து, சமமாக நிற்க வையுங்கள். வெளித் துளைகளில் டியூப் மாட்டி, டியூப்பின் முனையை டப்பா ஆயிலுக்குள் மூழ்கவிடுங்கள். மழுங்கிய கம்பியால் பிஸ்டனை 2 செ.மீ. அளவு மெதுவாகத் தள்ளி, அதைவிட மெதுவாக விடுங்கள். வேகமாக விட்டால் கப்பின் ஓரம் வழியே காற்று உள்ளே போகும். டியூப்பில் குமிழி வருவது நின்று, பிஸ்டன் இறுகும் வரை தொடருங்கள்.

வண்டியில் மாட்டும்போது சிலிண்டர் நட்டுகளை இறுக்காமல், பைப் நட்டுகளை விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் இறுக்குங்கள். அலுமினிய மரை கோணலாக ஏறினால் புதுச் சிலிண்டர் அங்கேயே வீண். பைப் நட்டை இறுக்க சுமார் 16 நியூட்டன் மீட்டர் போதும், மணிக்கட்டு பலம்தான்.

பிறகு நாலு வீலிலும் ஏர் எடுங்கள். உங்கள் வண்டியில் குறுக்கு சர்க்யூட், அதாவது இடது பின் வீலும் வலது முன் வீலும் ஒரு ஜோடி. இடது பின், வலது முன், வலது பின், இடது முன் என்ற வரிசையில் போங்கள். கம்பெனி மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. நிப்பிளில் தெளிவான டியூப், டியூப் முனை ஆயில் உள்ள பாட்டிலுக்குள். உள்ளே இருப்பவர் மெதுவாக அமுக்கிப் பிடித்ததும் நிப்பிளைக் கால் சுற்று திறந்துவிடுங்கள், பெடல் கட்டையைத் தொடுவதற்கு முன் மூடுங்கள், மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். இந்த ஒரு ஒழுங்கு தவறினால் ஏர் உள்ளே போகும். டப்பாவில் பாதிக்குக் கீழே ஆயில் இறங்க விடாதீர்கள். கேலிப்பரை யாராவது இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே பார்த்திருக்கும், அதில் எத்தனை நேரம் எடுத்தாலும் ஏர் வராது. நிப்பிள் மேல் பக்கம் இருக்க வேண்டும்.

முடித்ததும் எஞ்சின் ஓட, லேசாக ஒரு நிமிடம், பலமாக ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். பலமாகப் பிடித்திருக்கும்போதே இன்னொருவர் எல்லா இணைப்பையும் டிஷ்யூவால் தொட்டுப் பார்க்கட்டும். முதல் ஓட்டம் ஆளில்லாத இடத்தில், நடை வேகத்தில், ஹேண்ட் பிரேக் கைக்கு எட்டும்படி.

மேட்டுப்பாளையம்_ரோடு:

மாட்டியாச்சு. பெடல் இறங்கறது சுத்தமா நின்னுருச்சு, உயரமும் நல்லா இருக்கு. ஆனா ஒரு புதுப் பிரச்சினை. கொஞ்ச தூரம் ஓட்டினதும் நாலு வீலும் சூடாகுது, வண்டி தானா உருளாம இழுத்துப் பிடிக்குது. ஆறினதும் சரியாகுது.

ஸ்பேனர்_பன்னிரண்டு:

நாலு வீலும்னா கேலிப்பர் இல்ல, மேல எங்கயோ பிடிச்சிருக்கு. பூஸ்டர் புஷ் ராடு (பூஸ்டர்லேர்ந்து மாஸ்டர் பிஸ்டனைத் தள்ற கம்பி) புது பிஸ்டனை எப்பவும் கொஞ்சம் தள்ளிக்கிட்டே இருக்கு. அதனால கப் ஈடுசெய்யும் துளையை மூடியே நிக்குது, சூட்டுல விரியற ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வழியில்லாம பிரேக்கைப் பிடிக்குது.

இழுக்கும்போதே நிறுத்தி, சமதளத்துல வீலுக்குக் கட்டை வெச்சுட்டு, மாஸ்டரோட ரெண்டு நட்டை ரெண்டு மூணு சுற்று தளர்த்தி மாஸ்டரை முன்னாடி இழுங்க. வீல் விடுபட்டா புஷ் ராடு அல்லது பெடல். விடுபடலைன்னா ஒரு நிப்பிளைத் திறந்து பாருங்க. திறந்ததும் ஆயில் பீய்ச்சி வீல் விட்டா, சிலிண்டருக்குள்ளயோ பைப்லயோ அடைப்பு.

முதல்ல பெடல் பக்கம் பாருங்க, அது சுலபம். எஞ்சின் ஆஃப்ல, வேக்கம் தீர்ந்த பிறகு பெடலைக் கையால தள்ளினா சில மி.மீ. வெத்து ஆட்டம் இருக்கணும். இல்லைன்னா பெடலுக்கு மேல இருக்கற பிரேக் லைட் ஸ்விட்ச் ரொம்ப உள்ள திருகியிருந்து பெடலை முழுசா மேல வர விடாம தடுக்குது. ஸ்விட்சை வெளிய திருகி ஆட்டத்தைக் கொண்டு வாங்க, பிரேக் லைட் எரிஞ்சு அணையுதான்னும் பாருங்க.

ஆட்டம் சரியா இருந்தா புஷ் ராடு. மாஸ்டரை இறக்கி, ஃபிளாஞ்ச் முகத்துலேர்ந்து பிஸ்டன் குழி அடி வரைக்கும் ஆழத்தை வெர்னியர்ல அளங்க. பூஸ்டர் முகத்துலேர்ந்து ராடு நுனி நீட்டியிருக்கற அளவை அளங்க. ராடு நீளம் ஆழத்தைவிட ஒரு பொடி கம்மியா இருக்கணும், எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும். மேனுவல் எஞ்சின் ஓடும்போது அளக்கச் சொல்லுதா, நின்னிருக்கும்போதான்னும் கவனிங்க, வேக்கத்துல ராடு இருக்கற இடம் மாறும். ராடு நுனி நட்டை உள்ள திருகி சரி பண்ணுங்க. நுனியில நட்டு இல்லாத பூஸ்டர்னா கடையில குடுத்த மாஸ்டரே உங்க வண்டிக்கு உரியது இல்ல, திருப்பிக் குடுத்துட்டு பார்ட் நம்பர் சொல்லி வாங்குங்க. நடுவுல வாஷர் போட்டு இடைவெளி உண்டாக்கச் சொல்வாங்க. போடாதீங்க, ஓ ரிங் சரியா உட்காராம வேக்கம் கசியும்.